அணுமின் நிலைய விபத்துக்குப் பிறகு கதிர்வீச்சை எப்படி அளக்கிறார்கள்? ஃபுகுஷிமாவை முன்வைத்துக் கேள்விகளும் பதில்களும்

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கடலோரத்தைத் தாக்கிய நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தின் மின்சாரத்தைத் துண்டித்தன. குளிரூட்ட வழியின்றி மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. கதிரியக்கப் பொருள்கள் காற்றிலும் கடலிலும் கலந்தன. அந்த விபத்துக்குப் பின் காற்று, மண், நீர், உணவு, மனித உடல் ஆகியவற்றில் கதிர்வீச்சு எப்படி அளக்கப்பட்டது, எங்கே தவறியது, அந்த அளவுகள் யாருக்குப் பயன்பட்டன என்பது குறித்து வாசகர்கள் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

விபத்து நடந்தவுடன் முதலில் எதை அளக்கிறார்கள்?

முதலில் அளப்பது காற்றுவெளியின் கதிர்வீச்சு வீதத்தை, அதாவது ஓரிடத்தில் ஒரு மணி நேரம் நிற்பவர் மீது எவ்வளவு காமாக் கதிர் படும் என்பதை. இதை நொடிக்கு நொடி அளந்துவிடலாம். மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. மக்களை வெளியேற்றுவதா, வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்வதா என்ற முடிவு பெரும்பாலும் இந்த எண்ணைப் பார்த்தே எடுக்கப்படுகிறது. அடுத்தபடியாகக் காற்றில் மிதக்கும் நுண்துகள்களை வடிகட்டித் தாளில் பிடித்து, எந்தெந்தத் தனிமங்கள் வந்திருக்கின்றன என்று பார்க்கிறார்கள். குடிநீர், பால், கீரை, மண் ஆகியவற்றின் முறை அதற்குப் பிறகு வருகிறது. இந்த வரிசையைத் தீர்மானிப்பது எது எவ்வளவு அவசரம் என்பதே. எதைத் தாமதமாக அளந்தாலும் பாதகமில்லையோ, அது பின்னால் போகிறது.

மைக்ரோசீவர்ட், பெக்கரல் என்று இரண்டு அலகுகள் ஏன்?

பெக்கரல் என்பது பொருளைப் பற்றியது: ஒரு நொடியில் எத்தனை அணுக்கள் சிதைகின்றன என்ற கணக்கு. ஒரு கிலோ அரிசியில் 100 பெக்கரல் என்றால், அந்த அரிசியில் நொடிக்கு 100 அணுச்சிதைவுகள் நிகழ்கின்றன. சீவர்ட் என்பது மனிதரைப் பற்றியது: உடலில் படும் கதிர்வீச்சு எவ்வளவு தீங்கு செய்யக்கூடும் என்பதைக் குறிக்கும் அலகு. அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிசீவர்ட், பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோசீவர்ட். இயற்கையான மூலங்களிலிருந்து மட்டும் உலக மக்கள் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார்கள். செய்திகளில் ‘மணிக்கு’, ‘ஆண்டுக்கு’ என்ற சொற்களை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதும் பழக்கம் விபத்துக் காலத்தில் மிகுந்த குழப்பத்தை உண்டாக்கியது. அந்தச் சொல் இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஃபுகுஷிமாவில் கண்காணிப்பு நிலையங்கள் முன்பே இருந்தன அல்லவா? அவை என்ன ஆயின?

இருந்தன. அணுமின் நிலையங்களைச் சுற்றி மாவட்ட நிருவாகம் 24 நிலையான கண்காணிப்பு நிலையங்களை வைத்திருந்தது. அவற்றில் 23 நிலையங்களிலிருந்து தரவு வரவில்லை. சிலவற்றை ஆழிப்பேரலை அடித்துச் சென்றது. மற்றவை மின்சாரமும் தகவல் தொடர்பும் அறுந்ததால் ஊமையாயின. நிலைய வளாகத்துக்குள் இருந்த எட்டுக் கண்காணிப்புக் கம்பங்களும் மின்தடையால் செயலிழந்தன. நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனத்தார் கருவி பொருத்திய வண்டியை வளாகத்துக்குள் ஓட்டிச் சென்று அளந்தார்கள். மார்ச் 15 காலை 9 மணிக்கு முதன்மை வாயிலருகே அந்த வண்டி பதிவு செய்த அளவு மணிக்கு 11,930 மைக்ரோசீவர்ட். விபத்துக்கு முன் அந்த வட்டாரத்தின் வழக்கமான அளவு 0.04 அல்லது 0.05 மட்டுமே.

அவசர காலத்தில் எல்லாரும் கூடி அளவுகளைத் தொகுத்து முடிவெடுக்க வேண்டிய மையமும் ஓகுமா நகரில், உலைகளிலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவில் கட்டப்பட்டிருந்தது. அங்கும் மின்சாரமும் தொலைபேசியும் போயின; கதிர்வீச்சு கூடியதும் மார்ச் 15 அன்று அந்த மையமே ஃபுகுஷிமா நகருக்கு இடம்பெயர வேண்டியதாயிற்று. விபத்தின்போது உதவ வேண்டிய கட்டமைப்பு, விபத்து நேராத நாளுக்காகத் திட்டமிடப்பட்டிருந்தது என்பதே இதன் பொருள். பெருநிலநடுக்கமும் அணுவிபத்தும் ஒரே நாளில் வரக்கூடும் என்ற எண்ணம் அந்தத் திட்டத்தில் இல்லை.

காற்று எங்கே போகும் என்று கணிக்கும் ஒரு கணினி முறை இருந்ததாகச் சொல்கிறார்களே?

ஸ்பீடி என்று அழைக்கப்பட்ட அந்த முறை, அமெரிக்காவில் 1979-இல் நடந்த திரீ மைல் ஐலண்ட் விபத்துக்குப் பிறகு ஜப்பானில் உருவாக்கப்பட்டது. உலையிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது என்ற அளவைக் கொடுத்தால், காற்று, மழை, நில அமைப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டு, எந்த ஊருக்கு எவ்வளவு வரும் என்று அது வரைபடம் தரும். 2011-இல் அந்த அடிப்படை அளவு உலைகளிலிருந்து வரவே இல்லை. ஆகவே மணிக்கு ஒரு பெக்கரல் வெளியேறுவதாக வைத்துக்கொண்டு கணக்குகள் போடப்பட்டன. எவ்வளவு என்று அந்தக் கணக்கு சொல்லாது. எந்தத் திசையில் என்று சொல்லும்.

அந்தத் திசையேனும் மக்களுக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்தை எழுதுபவரின் உறுதியான கருத்து. ஸ்பீடியின் முடிவு பொதுமக்களுக்கு முதன்முதலாக வெளியிடப்பட்டது மார்ச் 23 அன்று. அதற்குள் மிக முக்கியமான நாள்கள் கடந்துவிட்டன. கடலோர ஊரான நமியேயின் மக்களில் பலர் உலைகளை விட்டு விலகுவதாக நம்பி, வடமேற்கே மலைப்புறத்தில் இருக்கும் சுஷிமா பகுதிக்குச் சென்று பள்ளிகளிலும் பொதுக்கூடங்களிலும் தங்கினார்கள். கதிரியக்க மேகம் போனதும் அதே வடமேற்குத் திசைதான். துல்லியமில்லாத கணிப்பை வெளியிட்டால் பீதி பரவும் என்ற அச்சம் அதிகாரிகளிடம் இருந்தது. ஆனால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எந்தச் சாலையில் போவது என்று தெரியாமல் நின்றவர்களுக்கு, துல்லியமில்லாத திசைக்குறிப்பும் பெரிய உதவியாக இருந்திருக்கும்.

உலையிலிருந்து தொலைவு கூடக்கூடக் கதிர்வீச்சு குறையும்தானே?

சராசரியாகப் பார்த்தால் குறையும். ஆனால் யாரும் சராசரியில் குடியிருப்பதில்லை. வெளியேற்ற ஆணைகள் வட்டம் வட்டமாகவே போடப்பட்டன: மார்ச் 11 இரவு 3 கிலோமீட்டர், மறுநாள் விடிகாலை 10, அன்று மாலை 20, மார்ச் 15 அன்று 20 முதல் 30 கிலோமீட்டர் வரை இருப்பவர்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற அறிவுரை. அந்த 15-ஆம் தேதி வெளியேறிய கதிரியக்கப் பொருளைக் காற்று வடமேற்கே கொண்டு சென்றது. மாலையில் அங்கே மழையும் பனியும் பெய்து அதைத் தரையில் இறக்கின. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஈதாதே கிராமத்தில் அன்று மாலை மணிக்கு 44.7 மைக்ரோசீவர்ட் பதிவாயிற்று. ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஃபுகுஷிமா நகரிலேயே 24-ஐத் தாண்டியது. உலையின் தெற்கிலோ இதைவிட அருகில் இருந்த சில இடங்களில் அளவு இதைவிட மிகக் குறைவு.

ஏறத்தாழ ஆறாயிரம் பேர் வாழ்ந்த ஈதாதே எந்த வட்டத்துக்குள்ளும் முழுமையாக அடங்கவில்லை. அந்த ஊரைக் காலி செய்ய வேண்டும் என்ற அறிவிப்பு ஏப்ரல் 22-இல்தான் வந்தது. ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்ற வரம்பைத் தாண்டக்கூடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். முதல் சில மணி நேரத்துக்கு வட்டம் போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்பதை ஏற்கலாம். அளவுகள் கைக்கு வந்த பிறகும் வாரக்கணக்கில் வட்டத்தையே பிடித்துக்கொண்டிருந்ததை ஏற்க முடியாது.

வானிலிருந்து எப்படி அளக்கிறார்கள்?

ஹெலிகாப்டரிலோ சிறு விமானத்திலோ பெரிய சோடியம் அயோடைடு படிகங்களைப் பொருத்தி, தரைக்கு 150 முதல் 300 மீட்டர் உயரத்தில், வயலை உழுவதுபோல் இணைகோடுகளாகப் பறக்கிறார்கள். தரையிலிருந்து வரும் காமாக் கதிர் படிகத்தில் பட்டு ஒளித்துளியாக மாறுகிறது. அந்த ஒளியை எண்ணி, உயரத்துக்கேற்பத் திருத்தி, தரைக்கு ஒரு மீட்டர் மேலே எவ்வளவு இருக்கும் என்று கணிக்கிறார்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் குழு மார்ச் 17 முதல் பறந்து, வடமேற்கே நீண்டு கிடந்த அந்தப் பட்டையைத் தெளிவாகக் கண்டது. அந்தத் தரவு உடனே ஜப்பானிய அரசுக்குத் தரப்பட்டது. ஆனால் அங்கே அது வெளியேற்ற முடிவுக்குப் பயன்படவில்லை. அமெரிக்கத் தரப்பே அதைப் பொதுவில் வெளியிட்டது. பின்னர் இரு நாட்டுக் குழுக்களும் ஏப்ரலில் சேர்ந்து பறந்து தொகுத்த வரைபடம் மே 6 அன்று வெளிவந்தது.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கும்போது பல நூறு மீட்டர் அகலமுள்ள நிலத்தின் சராசரிதான் கிடைக்கும். ஒரு வீட்டின் முற்றத்தையும் கொல்லைப்புறத்தையும் அது பிரித்துக் காட்டாது.

அப்படியானால் தெருவையும் வீட்டையும் யார் அளந்தார்கள்?

பலரும் அளந்தார்கள். கியோட்டோ பல்கலைக்கழகத்தார் குராமா என்ற கருவியை உருவாக்கி வண்டிகளில் பொருத்தினார்கள். பின்னாளில் அது வழக்கமாக ஓடும் ஊர்ப் பேருந்துகளிலும் ஏறியது. பேருந்து நாள்தோறும் அதே தடத்தில் போவதால், அதே தெருவில் அளவு எப்படி மாறுகிறது என்பது தானாகவே பதிவாகிவிடும். 2011 கோடையில் ஏறத்தாழ 2,200 இடங்களில் மண் எடுத்து, ஜெர்மானியம் என்ற தனிமத்தின் படிகம் கொண்ட கருவிகளில் வைத்து, உலைகளிலிருந்து வெளியேறிய கதிரியக்கத் தனிமமான சீசியம் எவ்வளவு படிந்திருக்கிறது என்று கணக்கிட்டார்கள்.

அரசு சாராத முயற்சிகளில் சேஃப்காஸ்ட் தனித்து நிற்கிறது. விபத்து நடந்த சில நாள்களில் தொடங்கிய இந்தத் தன்னார்வக் குழு, கதிர்வீச்சை எண்ணும் கெய்கர் கருவியையும் இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவியையும் ஒரு சிறு பெட்டிக்குள் வைத்து, கார் சன்னலுக்கு வெளியே மாட்டி ஓட்டியது. ஐந்து நொடிக்கு ஒருமுறை ஒரு பதிவு. ‘பென்டோ’ என்ற ஜப்பானிய மதிய உணவுப் பெட்டியின் பெயரைச் சேர்த்து அந்தக் கருவியை பிகெய்கி என்று அழைத்தார்கள். திரட்டிய அளவுகள் அனைத்தையும் எந்தக் கட்டுப்பாடும் இன்றி யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்தார்கள். அரசு எண்களைச் சரிபார்க்க இன்னொரு கணக்கு வேண்டும் என்று ஏங்கிய மக்களுக்கு அது கிடைத்தது. பல இடங்களில் இரண்டு கணக்குகளும் ஒத்துப்போனதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அந்த ஒற்றுமையே அரசின் எண்கள் மீது சிறிதளவு நம்பிக்கை திரும்பவும் உதவியது.

அளவு கூடுதலாக இருந்தால் அதற்கு விபத்துதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. 2011 அக்டோபரில் தோக்கியோவின் செதகாயா பகுதியில் ஒரு நடைபாதையில் மணிக்கு 2 மைக்ரோசீவர்ட்டுக்கு மேல் பதிவாகிப் பெரும் பரபரப்பு உண்டாயிற்று. தேடிப் பார்த்தபோது, அருகிலிருந்த பழைய வீட்டின் தரைக்கடியில் ரேடியம் கொண்ட புட்டிகள் கிடைத்தன. ஃபுகுஷிமாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதே மாதம் சிபா மாவட்டத்தின் காஷிவா நகரில் ஒரு காலிமனையின் மண்ணுக்குள் மணிக்கு 57.5 மைக்ரோசீவர்ட் பதிவாயிற்று. அது உண்மையிலேயே ஃபுகுஷிமாவின் சீசியம்: உடைந்த வாய்க்காலிலிருந்து கசிந்த மழைநீர் சுற்றுப்புறத்துச் சீசியத்தை எல்லாம் ஓரிடத்தில் சேர்த்திருந்தது.

சாதாரண கெய்கர் கருவி எண்ணிக்கையை மட்டும் சொல்லும். இந்த இரண்டையும் அதனால் பிரித்தறிய முடியாது. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் காமாக் கதிரை வெளியிடுவதால், அந்த ஆற்றலைப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவி இருந்தால்தான் வந்திருப்பது சீசியமா, ரேடியமா என்று தெரியும்.

கண்காணிப்புக் கம்பம் காட்டும் எண்ணை முழுமையாக நம்பலாமா?

கம்பம் நிற்கும் அந்த இடத்துக்கு, அந்த நேரத்துக்கு, பெரும்பாலும் நம்பலாம். ஆனால் கம்பத்தை நடும்போதே அடியில் புது மண் கொட்டியிருக்கலாம், கான்கிரீட் தளம் போட்டிருக்கலாம், சுற்றுப்புறத்தைத் தூய்மை செய்திருக்கலாம். அப்போது பத்தடி தள்ளியிருக்கும் புதருக்குள் அளவு இருமடங்காக இருப்பதும் உண்டு. குடியிருப்பவர்கள் தங்கள் கைக்கருவியோடு வந்து இதைச் சுட்டிக்காட்டியபோது அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. 2012 நவம்பரில், கருவிக்குள் மின்கலம் இருந்த இடம் கதிரை ஓரளவு மறைத்ததால், 675 கம்பங்கள் உண்மையைவிட ஏறத்தாழ பத்து விழுக்காடு குறைவாகக் காட்டின என்று அரசே அறிவித்துத் திருத்த வேண்டியதாயிற்று.

வானிலையும் எண்ணை மாற்றும். மழை தொடங்கியதும் காற்றில் இயற்கையாகவே உள்ள கதிரியக்க வளியான ரேடானின் சிதைவுப் பொருள்கள் தரைக்கு வருவதால் அளவு சற்றே ஏறி, மழை ஓய்ந்து சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இது உலகில் எங்கும் நடப்பது. பனி படர்ந்தால் அது தரையிலிருந்து வரும் கதிரை மறைத்து அளவைக் குறைக்கும். பனி உருகியதும் அளவு பழைய நிலைக்குத் திரும்பும். இதை அறியாதவர்களுக்குக் குளிர்காலத்தில் பொய்யான ஆறுதலும் இளவேனிலில் தேவையற்ற அச்சமும் வரும்.

அயோடினைப் பற்றி ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

அயோடின்-131 தைராய்டு சுரப்பியில் போய்ச் சேரும். சிறு பிள்ளைகளுக்கு அதனால் வரும் தீங்கு கூடுதல். 1986-இல் செர்னோபிலில் நடந்த விபத்துக்குப் பின் கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடித்த பிள்ளைகளிடையே தைராய்டு புற்றுநோய் கூடியது. அயோடின்-131 இன் அரை ஆயுள் எட்டு நாள் மட்டுமே. எட்டு நாளில் பாதி, பதினாறு நாளில் கால் பங்கு, மூன்று மாதத்தில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது. ஆகவே, அப்போதே அளக்காவிட்டால் பிறகு எவ்வளவு நுட்பமான கருவியைக் கொண்டுவந்தாலும் அதை அளக்கவே முடியாது.

ஃபுகுஷிமாவில் மார்ச் இறுதியில் ஈவாகி, கவாமத்தா, ஈதாதே ஆகிய இடங்களில் 1,080 பிள்ளைகளின் கழுத்தருகே கருவியை வைத்து அளந்தார்கள். மணிக்கு 0.2 மைக்ரோசீவர்ட் என்று வைத்திருந்த வரம்பை யாருமே தாண்டவில்லை. அது ஆறுதலான முடிவுதான். ஆனால் பாதிக்கப்பட்ட பகுதிகளின் பிள்ளைகள் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் ஆயிரம் என்பது மிகச் சிறிய தொகை. மற்றப் பிள்ளைகளின் அளவைப் பின்னாளில் கணினி மாதிரிகளைக் கொண்டு ஊகிக்க நேர்ந்தது. ஐக்கிய நாடுகள் அவையின் கதிர்வீச்சு விளைவுகளுக்கான அறிவியல் குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கை, கதிர்வீச்சு நேரடியாக உண்டாக்கியதாகச் சொல்லத்தக்க உடல்நலக் கேடு எதுவும் ஃபுகுஷிமா மக்களிடம் பதிவாகவில்லை என்று கூறுகிறது. அதை ஏற்கும் பெற்றோர்கூட, ‘என் பிள்ளைக்கு எவ்வளவு வந்தது?’ என்று கேட்டால் சொல்ல அளந்த எண் இல்லை. அந்த வாரங்களில் இழந்ததை எதைக் கொண்டும் ஈடு செய்ய முடியவில்லை.

உணவையும் குடிநீரையும் எப்படிக் கண்காணித்தார்கள்?

மார்ச் 17 அன்று தற்காலிக வரம்புகள் அறிவிக்கப்பட்டன. மார்ச் 22 அன்று எடுத்த மாதிரியில், தோக்கியோவுக்குக் குடிநீர் தரும் கனமாச்சி சுத்திகரிப்பு நிலையத்தில் லிட்டருக்கு 210 பெக்கரல் அயோடின் இருந்தது. கைக்குழந்தைகளுக்கான வரம்பு 100. மறுநாள் அறிவிப்பு வந்ததும் கடைகளில் புட்டித் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. 24-ஆம் தேதி அளவு வரம்புக்குள் இறங்கியதால் தடை நீங்கியது. அந்த ஜூலையில் எதிர்பாராத இடத்தில் ஓட்டை தெரிந்தது: விபத்தின்போது வயலில் திறந்தவெளியில் கிடந்த வைக்கோலைத் தின்ற மாடுகளின் இறைச்சி சந்தைக்குப் போயிருந்தது. பால், கீரை, இறைச்சி என்று கணக்கெடுத்தவர்கள் வைக்கோலை நினைக்கவில்லை.

2012 ஏப்ரலில் பொதுவான உணவுக்குக் கிலோவுக்கு 100 பெக்கரல், பாலுக்கும் குழந்தை உணவுக்கும் 50, குடிநீருக்கு 10 என்று சீசியத்துக்கான வரம்புகள் கடுமையாக்கப்பட்டன. அந்த ஆண்டு விளைச்சலிலிருந்து ஃபுகுஷிமா மாவட்டம் செய்தது மலைப்பூட்டும் வேலை: விளைந்த அரிசி முழுவதையும், 30 கிலோ மூட்டை ஒவ்வொன்றாக, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி மூட்டைகளை, ஓடும் பட்டையில் ஏற்றி அளந்தது. முதலாண்டில் 71 மூட்டைகள் வரம்பைத் தாண்டின. 2015 விளைச்சலிலிருந்து ஒன்றும் தாண்டவில்லை. வயலில் பொட்டாசியம் உரம் கூட்டிப் போட்டதும் இதற்கு ஒரு காரணம். பயிருக்குச் சீசியமும் பொட்டாசியமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். பொட்டாசியம் தாராளமாகக் கிடைத்தால் அது சீசியத்தை அவ்வளவாக உறிஞ்சாது. அறுவடைக்குப் பின் அளந்த எண்கள், அடுத்த பருவத்தில் எந்த வயலுக்கு எவ்வளவு உரம் என்று உழவர்களுக்குச் சொல்லும் எண்களாகவும் ஆயின. காட்டுக் காளான், காட்டுப்பன்றி ஆகியவற்றுக்கு இப்படி உரம் போட முடியாது. அவற்றில் இன்றும் கூடுதல் அளவு வருவது அதனால்தான்.

கடலில்?

கடல் வேகமாகக் கரைத்துவிடும். அதே சமயம் ஒளித்தும் வைக்கும். நிலையத்தின் வடிகால் அருகே 2011 ஏப்ரல் தொடக்கத்தில் கடல்நீரின் சீசியம்-137 அளவு லிட்டருக்கு 68,000 பெக்கரல் வரை ஏறியது. அடுத்த சில வாரங்களில் மிக வேகமாக இறங்கியது. ஆனால் 2023 மே மாதத்தில்கூட நிலையத்தின் துறைமுகத்துக்குள் பிடித்த ஒரு பாறைமீனில் கிலோவுக்கு 18,000 பெக்கரல் இருந்தது. அங்கே சேற்றிலும் மூலைகளிலும் இன்னும் தேங்கியிருப்பதை மீன் சொல்லிவிடுகிறது. ஃபுகுஷிமா மீனவர்கள் அரசு வரம்பான 100-ஐ விட்டுவிட்டுத் தங்களுக்கென்று 50 பெக்கரல் என்ற வரம்பை வைத்துக்கொண்டு தாங்களே சோதித்து விற்கிறார்கள்.

ஸ்ட்ரான்சியம்-90, ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவமான டிரிடியம் ஆகிய இரண்டும் காமாக் கதிரை வெளியிடாதவை என்பதால் வேதியியல் முறையில் பிரித்தோ சிறப்புத் திரவத்தில் கலந்தோதான் எண்ண வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். 2023 ஆகஸ்ட் 24 முதல், நிலையத்தில் சேர்ந்த கதிரியக்க நீரைச் சுத்திகரித்துக் கடலில் விடுகிறார்கள். அதில் டிரிடியம் லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே இருக்கும்படி நீர்த்துப்போகச் செய்கிறார்கள். உலக நலவாழ்வு அமைப்பு குடிநீருக்கே வழிகாட்டும் அளவு 10,000.

தூய்மைப்பணிக்கு வைத்த ‘மணிக்கு 0.23 மைக்ரோசீவர்ட்’ என்ற எண் எங்கிருந்து வந்தது?

விபத்தால் வரும் கூடுதல் அளவை ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்குள் கொண்டுவருவது நீண்டகால இலக்கு. ஒருவர் நாளில் 8 மணி நேரம் வெளியிலும் 16 மணி நேரம் வீட்டுக்குள்ளும் இருக்கிறார், மரவீடு கதிரை 0.4 பங்காகக் குறைக்கிறது என்று வைத்துக் கணக்கிட்டால் மணிக்கு 0.19 மைக்ரோசீவர்ட் வரும், இயற்கையான 0.04-ஐச் சேர்த்தால் 0.23. கதிரியக்கப் பொருளை அகற்றும் தூய்மைப்பணி எந்த ஊர்களில் நடக்க வேண்டும் என்று பிரிக்க வைத்த கோடு அது. அதற்குக் கீழே ஆபத்தே இல்லை என்றோ மேலே போனால் ஆபத்து உறுதி என்றோ அந்த எண் சொல்வதில்லை.

ஊரின் அளவும் ஒரு மனிதர் பெறும் அளவும் ஒன்றா?

இல்லை. நாள் முழுவதும் வயலில் நிற்பவருக்கும் கான்கிரீட் கட்டடத்தில் வேலை செய்பவருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. அதனால்தான் சட்டையில் அணியும் தனிநபர் அளவிகள் கொடுக்கப்பட்டன. தாதே நகராட்சி தன் குடிமக்கள் பல்லாயிரம் பேருக்கு அவற்றை வழங்கியது. அந்த அளவுகளைக் கொண்டு எழுதப்பட்ட இரண்டு ஆய்வுக் கட்டுரைகள், ஒப்புதல் தராதவர்களின் தரவும் அவற்றில் சேர்க்கப்பட்டிருந்தது தெரிந்ததால் 2020-இல் திரும்பப் பெறப்பட்டன. அறிவியல் தவறு, நெறித் தவறு என்று பிரித்துப் பேசலாம். அந்த அளவியை மாதக்கணக்கில் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அளவு கூடுதலாக இருந்தால் உடனே வெளியேறுவதுதான் நல்லதா?

எல்லாச் சூழலிலும் இல்லை. பேரிடரைத் தொடர்ந்த இடப்பெயர்வின் களைப்பு, சிகிச்சை தடைப்பட்டது, முகாம் வாழ்க்கை போன்றவற்றால் மறைமுகமாக இறந்தவர்கள் என்று ஃபுகுஷிமா மாவட்டத்தில் 2,300-க்கும் மேற்பட்டோர் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். படுக்கையிலிருந்த நோயாளிகளைப் பேருந்தில் ஏற்றிப் பல மணி நேரம் அலைக்கழித்ததில் உயிரிழப்புகள் நேர்ந்தன. எங்கே எவ்வளவு இருக்கிறது என்று சரியாகத் தெரிந்திருந்தால், சிலரை முன்பே நகர்த்தியிருக்கலாம். சிலரை நகர்த்தாமலேயே காத்திருக்கலாம்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அளக்கத்தான் வேண்டுமா?

ஃபுகுஷிமா நகரில் 2011 ஏப்ரலில் மணிக்கு 2.7 மைக்ரோசீவர்ட்டாக இருந்தது இப்போது 0.1-ஐ ஒட்டி நிற்கிறது. படிந்த சீசியத்தில் ஏறத்தாழ சரிபாதி, இரண்டே ஆண்டு அரை ஆயுளுள்ள சீசியம்-134. அது பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. மிஞ்சியிருப்பது முப்பதாண்டு அரை ஆயுளுள்ள சீசியம்-137. ஆகவே இனி இறக்கம் மெதுவாகவே இருக்கும்.

இதைக் காரணம் காட்டி, வெளியேற்றப் பகுதிக்கு வெளியே இருந்த ஏறத்தாழ 2,400 கம்பங்களை அகற்ற ஜப்பானின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2018-இல் திட்டமிட்டது. பள்ளி முற்றங்களிலும் பூங்காக்களிலும் நின்ற அந்தக் கம்பங்களை எடுக்கக் கூடாது என்று ஊர் ஊராக மக்கள் கூடிப் பேசினார்கள். உலைகளைப் பிரித்தெடுக்கும் வேலை முடிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும், அதுவரை கண்முன்னே ஓர் எண் வேண்டும் என்பது அவர்கள் வாதம். 2019 மே மாதம் ஆணையம் திட்டத்தைக் கைவிட்டது. தொழில்நுட்பக் கணக்கின்படி அந்தக் கம்பங்களில் பல தேவையற்றவையாக இருக்கலாம். ஆனால் எண்ணைத் தங்களிடமிருந்து மறைத்த நாள்களை நேரில் வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்கள் கேட்டதைக் கொடுத்தது சரியான முடிவு.

கல்பாக்கம், கூடங்குளம் பகுதிகளில் இத்தகைய கண்காணிப்பு உண்டா?

உண்டு. இந்திய அணுமின் நிலையங்கள் ஒவ்வொன்றின் அருகிலும் சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. நிலையம் இயங்கத் தொடங்குவதற்கு முன்பே அது சுற்றுப்புறத்து மண், நீர், மீன், பயிர் ஆகியவற்றின் இயல்பான அளவைப் பதிவு செய்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையம் நாடு முழுவதும் காற்றுவெளி அளவைக் கண்காணிக்கும் வலையமைப்பையும் நடத்துகிறது. இயல்பு அளவைப் பதிவு செய்வது நம் கடலோரத்தில் மிகவும் முக்கியம்: குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் கருநாகப்பள்ளியிலும் தோரியம் கலந்த மோனசைட் மணல் இருப்பதால் இயற்கையாகவே அளவு கூடுதல். பழைய பதிவு இல்லாமல் அங்கே ஒரு எண்ணைப் பார்த்தால், அது மணலுடையதா உலையுடையதா என்று சண்டைதான் மிஞ்சும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கல்பாக்கம் நிலையத்தின் நீரேற்று அறைக்குள் கடல்நீர் புகுந்து, இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஆழிப்பேரலையை நேரில் கண்ட இந்தக் கடலோர மக்களுக்குக் கண்காணிப்பு அளவுகள் அவர்கள் மொழியில், அன்றன்றே, ஊராட்சி அலுவலகப் பலகையில் தெரிய வேண்டும் என்று கேட்பதில் எந்த மிகையும் இல்லை.

வீட்டில் ஒரு கைக்கருவி வாங்கி அளந்தால் பயன் உண்டா?

முறையாக அளந்தால் உண்டு. சீசியம்-137-ஐக் கொண்டு அளவு திருத்திய கருவியாகப் பார்த்து வாங்க வேண்டும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் அசையாமல் பிடித்து, எண் நிலைக்க ஒன்றரை நிமிடமாவது காத்திருந்து, ஐந்து முறை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டால் கருவியில் அழுக்கு ஒட்டாது. சோறு, பால், மீன் ஆகியவற்றின் மேல் அதை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை; கிலோவுக்கு 100 பெக்கரல் என்பதை அது உணரவே உணராது, அதற்கு ஈயச் சுவருக்குள் வைத்து எண்ணும் ஆய்வகக் கருவி வேண்டும். நாள், நேரம், இடம், மழையா வெயிலா என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எண்ணோடு சேர்த்து எழுதி வைக்க வேண்டும். இந்தப் பழக்கத்தைச் சாதாரண நாள்களிலேயே தொடங்குவது நல்லது. உங்கள் முற்றத்தின் இயல்பு அளவு எவ்வளவு என்பதை அப்போதுதான் தெரிந்துகொள்ள முடியும்.